உழைப்பு மட்டும்தான் காரணமா?

"இந்தியர்கள் உழைத்து முன்னேறினார்கள், கறுப்பர்களால் ஏன் முடியவில்லை?" என்று ஒரு கட்டுரையில் கட்டுரையாளர் கேட்டிருப்பது வருத்தமாக இருக்கிறது. இங்கே அமெரிக்காவில் நம்மவர் வீட்டு விருந்துகளிலும் இதே பேச்சுதான்.

1923-ல் பகத் சிங் திந்த் என்ற இந்தியரின் குடியுரிமை வழக்கில், இந்தியர்கள் வெள்ளையர் அல்ல, அதனால் குடியுரிமை கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த சிலரிடமிருந்தும் அதைப் பறித்தார்கள். 1946-ல் சட்டம் தளர்ந்தபோதுகூட ஆண்டுக்குச் சுமார் 100 பேருக்குத்தான் இடம். நாமெல்லாம் வர வழி திறந்தது 1965 குடிவரவுச் சட்டம். கறுப்பின மக்கள் அடிவாங்கி, சிறைக்குப் போய் நடத்திய சமவுரிமைப் போராட்டம் உண்டாக்கிய சூழலில்தான் அது நிறைவேறியது. அதில் படித்த தொழில்வல்லுநர்களுக்கென்றும் ஒரு முன்னுரிமைப் பிரிவு இருந்தது. பட்டத்தோடு வந்து இறங்கிய நம்மை யாரோடு ஒப்பிடுகிறோம்?

1930-களில் அரசு அமைப்பே நகர வரைபடங்களில் கறுப்பர் குடியிருப்புகளைச் சிவப்பாக்கி, கடன் கொடுக்க ஆபத்தான பகுதி என்று குறித்தது. அங்கே வீட்டுக்கடன் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. இங்கே நடுத்தரக் குடும்பத்துக்குச் சொத்து என்றால் பெரும்பாலும் வீடுதான். அது இல்லாமல் பிள்ளைகளுக்கு எதை விட்டுப்போவது? வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் பாகுபாட்டைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் 1968-ல், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட பிறகே கையெழுத்தானது.

அப்புறம், புதிதாக வரும் மாணவர்களிடம் "அந்த ஏரியாவில் வீடு எடுக்காதே, கறுப்பர்கள் அதிகம்" என்று நாமே சொல்லி அனுப்புகிறோம். கட்டுரையாளர் அதைப் பற்றியும் எழுத வேண்டும்.