பின் பொருந்தினால் மட்டும் போதாது

இசைக் கீபோர்டுக்கு வேறு அடாப்டர் போடுவது பற்றி, "பின் உள்ளே போனால் போதும், ஆம்பியர் மட்டும் கூடக்கூடாது" என்று சிலர் சொல்வது ஏறக்குறைய தலைகீழ். ஆம்பியர், அதாவது அடாப்டர் தரக்கூடிய மின்னோட்டம், கூடுதலாக இருந்தால் ஒன்றும் ஆகாது. கருவி தனக்கு வேண்டியதை மட்டுமே இழுக்கும். குறைந்தால்தான் அடாப்டர் சூடாகித் திணறும். வோல்ட் மாறக்கூடாது. அதைவிட முக்கியம், நடுப்பின் ப்ளஸ்ஸா மைனஸா என்பது. பழைய கேசியோ கீபோர்டுகள் பலவற்றுக்கு 9 வோல்ட், நடுவில் மைனஸ். யமஹாவில் பெரும்பாலும் 12 வோல்ட், நடுவில் ப்ளஸ். மாற்றிச் செருகினால், தலைகீழ் மின்சாரத்தைத் தடுக்கும் பாதுகாப்பு டயோடு இல்லாத சர்க்யூட் போர்டு போயே போச்சு! அடாப்டரின் லேபிளில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றி அரைவட்டமும் வரைந்திருப்பார்கள். புள்ளியிலிருந்து போகும் கோடு எந்தக் குறியில் முடிகிறதோ, அதுதான் நடுப்பின். கீபோர்டின் சாக்கெட் அருகிலும் அதே படம் இருக்கும். வோல்ட்டும் சரியாக இருந்து, இரண்டு படமும் ஒத்துப்போனால் தாராளமாகச் செருகுங்கள். அப்புறம், வெளி விட்டம் 5.5 மி.மீ. உள்ள பின்னிலேயே உள்துளை 2.1, 2.5 மி.மீ. என இரண்டு உண்டு. 2.5 அடாப்டரை 2.1 சாக்கெட்டில் போட்டால் உள்ளே போகும், ஆனால் லூசாக ஆடி விட்டு விட்டுத்தான் வேலை செய்யும்.