ஆலோசகர் முதலில் விளாச்சேரிக்கு வரட்டும்

கலை, பண்பாட்டை வைத்து வட்டாரம் வளர ஆலோசகர்களை அமர்த்தலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் அது ஒரு விழா, ஒரு லோகோ, நாலு பேனர் என்று முடிந்துவிடக் கூடாது. மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியையே எடுத்துக்கொள்ளுங்கள். கொலு, பிள்ளையார் சதுர்த்தி, கிறிஸ்துமஸ் குடில் என்று எல்லாவற்றுக்கும் அங்கே பொம்மை செய்கிறார்கள். அவர்களுக்கு முதலில் தேவை விளம்பரம் இல்லை. கண்மாயில் மண் எடுக்க அனுமதி வேண்டும், மழை நாளில் பொம்மை காயவைக்க இடம் வேண்டும், சீசனுக்கு முன்பே சரக்கு செய்து அடுக்கக் குறைந்த வட்டியில் கடன் வேண்டும். இதையெல்லாம் உட்கார்ந்து கேட்டு, எந்த ஆபீசில் யாரைப் பார்ப்பது என்று கூடவே வந்து அலைகிற ஆள்தான் உண்மையான ஆலோசகர்.

துணியில் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுகிற மதுரைச் சுங்குடிச் சேலைக்கு 2005-லேயே புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊர்ப் பொருள் என்கிற சட்ட அடையாளம், கிடைத்தது. சரி, வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு முடிச்சாகக் கையால் கட்டுகிற பெண்களுக்கு அதனால் என்ன கூலி உயர்ந்தது? அச்சடித்த சேலையும் அதே பெயரில்தான் விற்கிறது, வாங்குகிறவருக்கு வித்தியாசம் சொல்ல ஆளில்லை.

மேற்கு வங்காளத்தில் பிங்களா பக்கம் நயா கிராமத்தில் ஓர் அமைப்பு, படச்சித்திரம் என்கிற சுருள் ஓவியம் வரைகிறவர்களோடு பல வருடம் வேலை செய்தது. இன்று வெளியூர்க்காரர்கள் அந்த ஊருக்கே போய், வரைந்தவர் கையிலிருந்தே வாங்குகிறார்கள். இங்கேயும் அப்படி வருடக்கணக்கில் கூட இருக்கிறவர்களுக்கே வேலையைக் கொடுங்கள். அப்புறம், ஆலோசகர்கள் தங்கள் அறிக்கையைத் தமிழில் எழுதி ஊர்க்கூட்டத்தில் வாசித்துக் காட்டிய பிறகு அவர்களுக்குப் பணம் கொடுங்கள்.