பயிற்சி கவுண்டர் வரைக்கும் வரட்டும்

போன வருடம் ஒரு மதிய நேரம். ஆய்வு மாணவி ஒருவர் எங்கள் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்து, ஒரு வேதியியல் ஆய்விதழின் பெயரைச் சொல்லி, அதில் வந்த கட்டுரை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். கவுண்டரில் இருந்த அண்ணன், "அந்த ஜர்னல் நிறுத்தி ரொம்ப நாளாச்சும்மா" என்று அனுப்பிவிட்டார். அச்சுப் பிரதி நின்றுபோனது உண்மைதான். அந்தப் பெண் யார் யாரையோ பிடித்து, வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் வழியாக அதை வாங்க இரண்டு வாரம் ஆகியிருக்கிறது. அந்தக் கட்டுரையை எங்கள் வளாகக் கணினியிலேயே காசில்லாமல் திறந்திருக்கலாம். கவுண்டருக்குப் பத்தடி தள்ளித்தான் கணினி இருக்கிறது.

அண்ணன்மேல் தப்பில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. பயிற்சிக்குப் போய் வந்தவள் நான், நானும் சொல்லவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இதை எழுதுகிறேன்.

அப்படிக் காசில்லாமல் திறக்க முடிவது 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தால்தான்; ஆய்விதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்டி, நிறுவனங்களுக்கு இணையத்தில் திறந்துவிடும் திட்டம் அது. 2024 நவம்பரில் மத்திய அரசு அதற்கு ஒப்புதல் கொடுத்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், 6,300 அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்கள். இவ்வளவு பணம் கொட்டி வாங்கியது, கேட்டு வந்த பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. காரணம் சர்வர் கோளாறோ நெட் கோளாறோ இல்லை. பதில் சொல்ல வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

நம் பல்கலைக்கழகங்களில் பயிற்சி என்றால் நூலகருக்கும் உதவி நூலகருக்கும்தான். பதவி உயர்வுக்கு ஓரியண்டேஷன், ரெஃப்ரெஷர் கோர்ஸ் முடித்திருக்க வேண்டும் என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி இருக்கிறது. அதனால் நாங்கள் போகிறோம். நல்ல பயிற்சிகளும் உண்டு. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் யுஜிசி மையமான இன்ஃப்ளிப்நெட் நடத்திய பயிற்சியில் நான் கற்றது இன்றைக்கும் கைகொடுக்கிறது. ஆனால் நூலக உதவியாளர், அட்டெண்டர், தொகுப்பூதியத்தில் பத்து வருடமாக வேலை பார்ப்பவர், இவர்களுக்கு என்ன இருக்கிறது? எனக்குத் தெரிந்து, டேட்டாபேஸ் கம்பெனியிலிருந்து யாராவது வந்து ஒன்றரை மணி நேரம் ஆங்கிலத்தில் ஸ்லைடு ஓட்டும்போது பின்வரிசையில் ஆள் நிரப்பக் கூப்பிடுவார்கள். அதுதான்.

மாணவர் நூலகத்துக்குள் வந்ததும் முதலில் பார்ப்பது இவர்களைத்தானே. என் அறைக்கு வருகிறவர்கள் ஒரு நாளைக்கு நாலு பேர்; கவுண்டருக்கு வருகிறவர்கள் நூற்றுக்கணக்கில்.

இந்த மண்ணில் நூலகப் பயிற்சி எப்படித் தொடங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு ஆசிரியர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே சலித்துப்போய், மாநிலக் கல்லூரிக்கே திரும்பிவிடுகிறேன் என்று கேட்டார். முதலில் லண்டன் போய்ப் படித்துவிட்டு வா, அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம் என்றார்கள். போனார். வகுப்பறையோடு நிற்காமல் நூலகம் நூலகமாக ஏறி இறங்கி, அங்கே வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தார். விட்டு ஓட நினைத்த மனிதர் வாழ்நாள் முழுக்க அதிலேயே நின்றார். திரும்பி வந்து, தான் கற்றதைத் தன்னோடு வைத்துக்கொள்ளவும் இல்லை. 1928-ல் சென்னை நூலகச் சங்கம், அடுத்த வருடமே அதன் கோடைகாலப் பயிற்சிப் பள்ளி. 1931-ல் சென்னைப் பல்கலைக்கழகமே அந்தப் பள்ளியை ஏற்று நடத்தத் தொடங்கியது. அவர் பிறந்தநாளான ஆகஸ்ட் 12-ஐ நாம் நூலகர் தினமாக வருடம் தவறாமல் கொண்டாடுகிறோம். அன்றைக்காவது இதைப் பேசுகிறோமா?

"அவங்க படிச்சது சிஎல்ஐஎஸ் தானே, ஆன்லைன் ஜர்னல் எல்லாம் எப்படிப் புரியும்" என்று கவுண்டர் பணியாளர்களைப் பற்றி ஒரு கூட்டத்தில் என் காதுபடவே சொன்னார்கள். சிஎல்ஐஎஸ் என்பது நூலகப் பணிக்கான சான்றிதழ் படிப்பு. எனக்கு மனசு வலித்தது. முன்பு நூலகத்துக்கு வரும் புத்தகங்களை அக்சஷன் ரிஜிஸ்டர் என்ற பதிவேட்டில் கையால் எழுதியவர்கள்தான் பிறகு கணினியில் பதிவு செய்யக் கற்றார்கள். உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தால் கற்றுக்கொள்கிறார்கள். அதைத் தமிழில் சொல்லிக் கொடுத்தால் போதும்.

சரி, என்ன செய்யலாம்? பெரிய நிதி வேண்டாம். மாணவர் குறைவாக இருக்கும் ஒரு வேளையாகப் பார்த்து வாரம் ஒரு மணி நேரம். அந்த வாரம் மாணவர்கள் கேட்டு, நம்மால் பதில் சொல்ல முடியாமல் போன கேள்விகளை எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு கணினியில் உட்கார்ந்து எல்லோரும் சேர்ந்து தேட வேண்டும். வெளியே பயிற்சிக்குப் போய் வருகிறவர் சான்றிதழைக் கோப்பில் வைப்பதோடு முடிக்காமல், இந்த ஒரு மணி நேரத்தில் கற்றதைச் சொல்லித் தர வேண்டும். எங்கள் நூலகத்தில் சில மாதமாக இப்படித்தான் செய்கிறோம், புதன்கிழமை மாலைகளில். முதல் வாரம் அந்த வேதியியல் கட்டுரையைத்தான் தேடினோம். அண்ணன் தானே கண்டுபிடித்தார். பிறகு அந்தப் பெண்ணின் துறை எது என்று விசாரித்து, அந்தத் துறைக்கே போய், அங்கிருந்த ஆய்வு மாணவர்கள் எல்லோருக்கும் காட்டிவிட்டு வந்திருக்கிறார். நான் அவரிடம் போகச் சொல்லவில்லை.

இது எங்கள் சொந்த ஏற்பாடு. நாளைக்கு நான் மாறிப் போனால் நின்றுவிடும். அதனால் பதிவாளர்களிடமும் துணைவேந்தர்களிடமும் கேட்கிறேன்: இதை வேலை நேரமாகக் கணக்கிட்டு ஓர் ஆணை போடுங்கள். வெளிப் பயிற்சிக்குப் போகும் நாளைப் பணி நாளாகக் கணக்கிடும் 'ஆன் டியூட்டி' அனுமதி கொடுக்கும் சுற்றறிக்கையில் 'நூலகர், உதவி நூலகர்' என்று இருக்கும் இடத்தில் 'நூலகப் பணியாளர் அனைவரும்' என்று மாற்றுங்கள். தொகுப்பூதியக்காரர்களையும் சேர்த்து.