நின்றதும் வேலைதான்

அந்த டேங்கர் வீடியோவை எனக்கு அனுப்புவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பார்த்துவிட்டேன். சோக இசை சேர்த்தது, சிவப்பு வட்டம் போட்டது, "இதற்குத்தான் சம்பளமா?" என்று கொட்டை எழுத்தில் கேட்டது என எல்லா வடிவத்திலும் பார்த்தாகிவிட்டது. வெள்ளையாகப் புகை பரவுகிறது. வண்டிக்குப் பக்கத்தில் ஓட்டுநர் விழுந்து கிடக்கிறார். தீயணைப்பு வாகனம் வெகுதூரத்தில் நிற்கிறது, அதன் அருகே ஒருவர் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தத் தொலைநோக்கிதான் உங்களுக்குப் பெரிய நகைச்சுவையாகிவிட்டது. "பறவை பார்க்க வந்திருக்கிறார்கள்" என்று ஒருவர் எழுத, எனக்குத் தெரிந்த நல்ல மனிதர்கள் பலர் அதற்குச் சிரித்து வைத்திருக்கிறார்கள்.

அவர் பார்த்தது பறவையை அல்ல, டேங்கரின் பின்னால் இருந்த ஆரஞ்சு நிறப் பலகையை. மேலே 268, கீழே 1005. மேல் வரிசையில் 2 என்றால் வாயு, 6 என்றால் நச்சு, 8 என்றால் அரிக்கும் தன்மை. கீழே இருக்கும் 1005 என்பது நீரற்ற அமோனியாவுக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் பட்டியலில் உள்ள எண். இந்த இரண்டு வரிகளைப் படித்த பிறகுதான் எந்த உடையில் போவது, எந்தத் திசையிலிருந்து போவது, எத்தனை தெருக்களைக் காலி செய்வது என்று முடிவெடுக்க முடியும். கிட்டே போய்ப் படிக்க வேண்டிய நிலை வரக்கூடாது என்பதற்காகத்தான் தொலைநோக்கியே கொடுக்கிறோம்.

அபாயகரமான பொருள் கசியும்போது உள்ளே ஓடாமல் தூரத்தில் நிற்பதும் வேலைதான். இதை இந்தப் பதிவில் இன்னும் சில முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குழுவில் சிலருக்கு வகுப்பெடுத்தவன் நான். எங்கள் பயிற்சியில் ஒரு ஒத்திகை உண்டு. ஒரு பீப்பாய், பக்கத்தில் ஒரு பொம்மை மனிதன். அலறல் ஒலியையும் ஒலிபெருக்கியில் போட்டுவிடுவோம். முதல் முறை வருகிற குழு அநேகமாக அப்படியே ஓடும். பொம்மையைத் தூக்கும் வேகத்தைப் பார்த்தால் கண் கலங்கும், அவ்வளவு நல்ல பிள்ளைகள். அவர்கள் திரும்பி வந்ததும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கறுப்பு நாடாவைக் கட்டுவேன். நாடா கட்டியவர்கள் இறந்துவிட்டார்கள் என்று பொருள். பிற்பகல் முழுவதும் அவர்கள் ஓரமாக உட்கார்ந்து மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். ஒருமுறை ஒரு மூத்த அதிகாரி நாடாவைப் பிய்த்து எறிந்துவிட்டு, "நாங்கள் இப்படிப்பட்டவர்கள் அல்ல" என்று கத்தினார். எப்படிப்பட்டவர்கள்? ஓடுகிறவர்கள். அந்தப் பெருமையை உடைப்பதுதான் பயிற்சியின் பாதி. ஓடச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை, அது அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. நிற்கத்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதைக் கற்றுக்கொண்ட பிள்ளைகளைத்தான் நீங்கள் இந்த வாரம் முழுக்கக் கோழைகள் என்று எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

"கிடந்தது உங்கள் தம்பியாக இருந்தால்?" என்பார்கள். கேட்டும் விட்டார்கள், நாகரிகமில்லாத சொற்களில். என் தம்பியாக இருந்தால் நான் ஓடியிருப்பேன். அதனால்தான் தம்பிமாரை மீட்க அண்ணன்மாரை அனுப்புவதில்லை. அமோனியா ஈரத்தைத் தேடிப் போகும். கண், தொண்டை, நுரையீரல், வியர்த்த தோல். தீக்குள் போவதற்கான கனத்த அங்கி வாயுவைத் தடுக்காது. உள்ளே வியர்த்திருக்கும் உடம்புக்கு நேராகப் போய்ச் சேரும். வாயு புகாத முழு உடை வேண்டும், அதைத் தனியாக ஒருவரால் அணிய முடியாது. முதுகில் மாட்டும் காற்று உருளையைச் சரிபார்க்க வேண்டும். இரண்டு பேர் உள்ளே போனால், அவர்களை மீட்க அதே உடையில் இன்னும் இரண்டு பேர் வெளியே தயாராக நிற்க வேண்டும். உள்ளே போகும் முன்பே, திரும்பி வருகிறவர்களைக் கழுவிச் சுத்தப்படுத்தும் இடமும் அமைந்திருக்க வேண்டும். இதையெல்லாம்தான் அவர்கள் செய்துகொண்டிருந்தார்கள், உங்கள் வீடியோவின் ஓரத்தில், கேமராவுக்கு முதுகைக் காட்டி. அதன் பிறகு இரண்டு பேர் போய் அவரைத் தூக்கி வந்தார்கள். அந்தப் பகுதி ஏன் வெட்டப்பட்டது என்று யாரும் கேட்கவில்லை. ஓட்டுநர் பிழைத்துவிட்டார். பிழைக்காமல் போயிருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன். எழுதக் கை வந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

"தண்ணீரையாவது பீய்ச்சியிருக்கலாமே." மேகத்தின் மேல் தூவலாகப் பீய்ச்சலாம், தண்ணீர் அமோனியாவை உறிஞ்சிக்கொள்ளும். தரையில் தேங்கிய திரவத்தில் பீய்ச்சினால் கதையே வேறு. அந்தத் திரவம் கொதிப்பது மைனஸ் 33 டிகிரியில். அதற்குச் சாதாரணத் தண்ணீரே அடுப்பு. ஊற்ற ஊற்ற இன்னும் வேகமாக ஆவியாகும். இது தெரியாதது உங்கள் குற்றமில்லை. தெரியாமல் தீர்ப்பு எழுதுவதுதான் குற்றம்.

சரி, நிற்காமல் போனவர்களைப் பற்றியும் பேசுவோம். 1947 ஏப்ரல் 16, அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி துறைமுகம். கிராண்ட்கேம்ப் என்ற கப்பலில் தீ. உள்ளே சுமார் 2,300 டன் அம்மோனியம் நைட்ரேட் உரம். சரக்கு நனைந்து வீணாகிவிடக்கூடாது என்று கப்பலின் அடித்தள மூடிகளை அடைத்து நீராவியைச் செலுத்தினார்கள். எரிவதற்கான ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் பொருளை மூடி வைத்து அணைக்க முடியாது என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படை கரையில் நின்று போராடியது. வெடித்தபோது அந்தப் படையில் ஒருவரைத் தவிர எல்லோரும் இறந்தார்கள். புகையின் விசித்திர நிறத்தை வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த பொதுமக்களும் அவர்களோடு போனார்கள். அன்று கைப்பேசி இல்லை. இருந்திருந்தால் கூட்டம் இன்னும் பக்கத்தில் நின்றிருக்கும்.

பழைய கதை என்று ஒதுக்குவீர்கள் என்பதால் இதையும் சொல்கிறேன். 2015 ஆகஸ்டில் சீனாவின் தியான்ஜின் துறைமுகக் கிடங்கில் தீ. இறந்தவர்கள் 165 பேர், காணாமல் போனவர்கள் 8 பேர். அவர்களில் பாதிக்கு மேல் தீயணைப்பு வீரர்கள். 2020 ஆகஸ்ட் 4, பெய்ரூட். துறைமுகத்தில் தீ என்று அழைப்பு வந்ததும் பத்துப் பேர் போனார்கள். கிடங்கில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் ஆண்டுக்கணக்கில் கிடப்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. பத்துப் பேரில் ஒருவரும் திரும்பவில்லை. தைரியத்தில் அவர்களுக்கு எந்தக் குறையும் இருக்கவில்லை. இல்லாமல் போனது ஒரு தகவல்.

தீயும் வெடிப்பும்தான் என்றில்லை. தீயணைப்புப் பயிற்சிக்கு வருவதற்கு முன் நான் ஆம்புலன்ஸில் வேலை பார்த்தவன். பூச்சிக்கொல்லி குடித்த ஒருவரை ஏற்றிக்கொண்டு, கண்ணாடிகளை மூடிக்கொண்டு கிளம்பினோம். அவருடைய சட்டை முழுக்க மருந்து. கொஞ்ச தூரம் போவதற்குள் என்னோடு இருந்தவர் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தார். எனக்கு மூக்கும் கண்ணும் ஒழுக ஆரம்பித்தன. மருத்துவமனை வாசலில் இறங்கியபோது நோயாளிகள் ஒருவரல்ல, மூவர். சட்டையைக் கழற்றிவிட்டு ஏற்றுங்கள் என்று அதுவரை எங்களுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பிற்பாடு டோக்கியோ சுரங்க ரயில் சம்பவத்தைப் பற்றிப் படித்தபோது உறைத்தது. 1995 மார்ச் 20, சாரின் என்ற நரம்பு நச்சு வாயுத் தாக்குதல். மீட்புப் பணிக்குச் சென்ற 1,364 பேரில் 135 பேருக்கு நோயாளிகளிடமிருந்தே பாதிப்பு தொற்றியது. மருத்துவமனை ஊழியர்களும் தப்பவில்லை. மேலாடையைக் களைவது என்ற எளிய வேலை நஞ்சின் பெரும்பகுதியை நீக்கிவிடும். அதை அந்தப் பதற்றத்தில் செய்ய வேண்டுமென்றால் முன்பே பத்துத் தடவையாவது செய்து பழகியிருக்க வேண்டும்.

"அப்படியானால் இவர்கள் எதற்கு, நாமே நின்று பார்த்துக்கொள்ளலாமே" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. நேரமும் இல்லை.

என் மைத்துனர் குடும்பக் குழுவில் அதே வீடியோவைப் போட்டு, "உங்கள் மாணவர்களா மாமா?" என்று கேட்டிருந்தார். பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம். ஆம், என் மாணவர்கள். அவர்களில் ஒருவன் முந்தாநாள் இரவு அழைத்தான். அவனுடைய மகளைப் பள்ளியில் கேலி செய்திருக்கிறார்கள். "அடுத்த முறை நேராக உள்ளே போய்விடலாம் என்று தோன்றுகிறது சார்" என்றான். இத்தனை காலம் நான் கட்டிய கறுப்பு நாடாக்களையெல்லாம் ஒரு வாட்ஸ்அப் பகிர்வு அவிழ்த்துவிட்டது. அவன் அப்படிப் போய்ச் செத்தால் நீங்கள்தான் முதலில் மெழுகுவர்த்தி ஏற்றுவீர்கள். வீரவணக்கம் என்று எழுதுவீர்கள். உயிரோடு நின்றவனுக்குக் கேலி, செத்தவனுக்கு மாலை. நல்ல நியாயம்.

கோபப்பட வேண்டுமென்றால் வேறு இடம் இருக்கிறது. அமெரிக்க விதிகளில், தூரத்தில் இருந்தபடி பரவலைத் தடுப்பவருக்கே குறைந்தது 8 மணி நேரப் பயிற்சி. கசிவை நெருங்கி அடைக்கப் போகிறவருக்குக் குறைந்தது 24 மணி நேரம், பிறகு ஆண்டுதோறும் புதுப்பிப்பு. அதுவே குறைவு என்பது என் கருத்து. ஆனால் இரண்டு மணி நேரம் திரையில் படம் காட்டி, தேநீர் கொடுத்து, குழுப் படம் எடுத்து, சான்றிதழ் வழங்கி முடித்த "பயிற்சி"களுக்கு என்னையே பேச அழைத்திருக்கிறார்கள். வாயு புகாத உடை கண்ணாடி அலமாரியில் பூட்டியிருக்கும், சாவி விடுப்பில் போன ஒருவரிடம் இருக்கும். வாயு அளவிடும் கருவி இருக்கும், அதன் உணரி காலாவதியாகியிருக்கும். கருவி சுழியம் காட்டுகிறது, அதனால் ஆபத்தில்லை என்று ஒருவர் முகமூடியைக் கழற்றியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தக் கருவிக்கு ஓர் உணரி வாங்கித்தரச் சொல்லிக் கடிதம் எழுதி எழுதி ஓய்ந்தவன் நான். "அப்படி ஒன்றும் நடக்காது சார்" என்பதுதான் கிடைத்த பதில். இதற்கெல்லாம் யாரும் சிவப்பு வட்டம் போடுவதில்லை, ஏனென்றால் அலமாரி பார்ப்பதற்குச் சுவாரசியமாக இருக்காது.

இவ்வளவு திட்டிய பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. அன்று அங்கே நின்று படமெடுத்தவர்கள், அந்த வெள்ளை மேகம் தணிந்துவிட்டது என்று நினைத்துக் குறுக்கே வண்டியோட்டிப் போனவர்கள், யாருக்காவது இருமலோ மூச்சிரைப்போ நெஞ்சு இறுக்கமோ கண் எரிச்சலோ இருந்தால் மருத்துவரிடம் போய், அமோனியாவைச் சுவாசித்தேன் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்தும் தெரியவரும். போய்க் காட்டிவிட்டு வாருங்கள். என்னைத் திட்டுவதைப் பிறகு தொடரலாம்.