வென்டிலேட்டர் போட்டால் கழற்றவே முடியாதா?

"வென்டிலேட்டரில் போட்டால் கடைசிவரை மயக்கம்தான், கழற்றினால் உயிர் போகும்." தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த் பகுதித் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தக் குரல்பதிவு தவறு.

ஆழ்ந்த மயக்கம் ஒரு காலத்தில் வழக்கம்தான். தினமும் மயக்க மருந்தை நிறுத்திப் பார்த்தால் நோயாளி கருவியிலிருந்து சீக்கிரம் விடுபடுகிறார் என்று 2000-இல் வெளியான ஆய்வு காட்டியது. இப்போது மருந்தை நிறுத்தி, கூப்பிட்டால் கண் திறக்கிறாரா என்று பார்ப்பார்கள். அடுத்து, கருவியின் உதவியைக் குறைத்து 30 நிமிடம் முதல் 2 மணி நேரம் தானாக மூச்சுவிடச் செய்வார்கள். மூச்சு நிமிடத்துக்கு 35-ஐத் தாண்டினாலோ இரத்தத்தில் ஆக்சிஜன் 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலோ மறுபடி முழு உதவி. மறுநாள் திரும்பச் சோதனை. ஒருநாள் தேறாததைத்தான் "கழற்ற முடியாது" என்று பரப்புகிறார்கள்.

ஒவ்வொரு மூச்சுக்கும் கருவி தள்ளும் காற்றின் அளவும் குறைந்துவிட்டது. கடுமையாகப் பாதித்த நுரையீரலுக்கு முன்பு கிலோவுக்கு 12 மி.லி., இன்று 6. அதுவும் உண்மையான எடையை அல்ல, உயரத்துக்கு ஏற்ற எடையை வைத்துத்தான் கணக்கு: 165 செ.மீ. பெண் 95 கிலோ இருந்தாலும் 57 கிலோ என்றே கொண்டு சுமார் 340 மி.லி. கொடுப்பார்கள். கூடினால் நுரையீரல் காயப்படலாம்.

மிகக் கடுமையான நிலையிலும், குப்புறப் படுக்கவைக்கும்போதும் ஆழ்ந்த மயக்கம் இன்றும் தேவைப்படும். வென்டிலேட்டரில் பலர் இறப்பதும் உண்மை. பெரும்பாலும் அடிப்படை நோயால். பார்க்கப் போகும்போது "இன்று மூச்சுச் சோதனை நடந்ததா?" என்று நர்ஸிடம் கேளுங்கள்.