அரவிந்த் சாமி 'ரோஜா'வில் அறிமுகமாகவில்லை

"மாடலிங்கிலிருந்து நேரே 'ரோஜா', 'பம்பாய்'க்குப் பிறகு ஆளே காணோம், 'தனி ஒருவன்'தான் மறுவரவு" என்று நடிகர் அரவிந்த் சாமியைப் பற்றி இணையத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். மூன்றுமே தப்பு.

லயோலா கல்லூரியில் படிக்கும்போது கைச்செலவுக்காக மாடலிங் செய்தவர். விளம்பரத்தில் பார்த்துத்தான் மணிரத்னம் கூப்பிட்டார், அது சரி. ஆனால் முதல் படம் 1991-இல் வந்த 'தளபதி'. அதில் கலெக்டர் அர்ஜுன் வேடம். ஒரே மேஜையில் எதிரே ரஜினி, மம்முட்டி. புதுப்பையன் அசராமல் உட்கார்ந்திருப்பார், மறுபடி போட்டுப் பாருங்கள். 'ரோஜா' அடுத்த வருடம்தான்.

'பம்பாய்' 1995. அப்புறம் ஸ்ரீதேவியுடன் மலையாள 'தேவராகம்', 1997-இல் 'மின்சார கனவு', 2000-இல் 'அலைபாயுதே'வில் சின்ன வேடம். அதற்குப் பிறகுதான் நீண்ட இடைவெளி. திரும்பி வந்தது 2013-இல், 'கடல்' படத்தில். 'மின்சார கனவு' முடிவில் பாதிரியார் ஆனவர், திரும்பி வந்ததும் பாதிரியாராகவே! 'தனி ஒருவன்' 2015. பெரிய வெற்றி என்பதால் அதுவே மனதில் நின்றுவிட்டது போல.

அவர் இயக்குநர் என்பதையும் அந்த எழுதியவர் விட்டுவிட்டார். 2021-இல் 'நவரசா' குறும்படத் தொகுப்பின் 'ரௌத்திரம்' பகுதி அவர் இயக்கியது.