சிரித்துவிட்டீர்கள், சரி. படித்தீர்களா?

சனிக்கிழமை நடந்த இலக்கியக் கூட்டத்தின் காணொளியைப் பலரும் பார்த்துவிட்டீர்கள். ‘உங்களைத்தானே சொன்னார்?’ என்று உள்பெட்டியில் வந்து அக்கறையாக விசாரித்தவர்களுக்கும் சேர்த்தே இந்தப் பதிவு. ஆமாம், கூட்டத்தின் தலைவர் என்னைத்தான் சொன்னார். பெயரைச் சொல்லவில்லை, அந்த அளவுக்கு நாகரிகம் அவருக்கு உண்டு. ‘நாற்பதைத் தாண்டியும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கதைகளை விடாமல் படிக்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், அவர்கள் சீக்கிரம் வளர வாழ்த்துகிறேன்’ என்று நிறைவுரையில் வாழ்த்தினார். அதற்குச் சற்று முன்னால் அதே மேடையில் அமெரிக்க எழுத்தாளர் ஜேசன் ரெனால்ட்ஸின் ‘லாங் வே டவுன்’ என்ற, பதின்வயதினருக்கென்று எழுதப்பட்ட இளையோர் நாவலைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கியவள் நான் ஒருத்திதான். அரங்கம் சிரித்தது. முன்வரிசையில் என் வீட்டில் காப்பி குடித்தவர்களும் சிரித்தார்கள்.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அந்தப் புத்தகத்தை அவர் படித்தாரா?

பதினைந்து வயது வில்லின் அண்ணனை யாரோ சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். அவர்கள் வட்டாரத்தில் மூன்று விதிகள் உண்டு: அழக்கூடாது, காட்டிக்கொடுக்கக்கூடாது, பழிவாங்க வேண்டும். பையன் அண்ணனின் துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு லிஃப்டில் ஏறுகிறான். தரைத்தளம் வர அறுபது வினாடி. நாவலில் பெரும்பகுதி அந்த அறுபது வினாடிதான். மாடிக்கு மாடி லிஃப்ட் நிற்கிறது. செத்துப்போனவர்கள் ஒவ்வொருவராக உள்ளே ஏறி அவனிடம் பேசுகிறார்கள். எல்லாம் கவிதை வரிகளில். 2017இல் வந்த புத்தகம். இதைக் கேட்டு ஒருவருக்குச் சிரிப்பு வருகிறதென்றால் அவர் படித்திருக்கவில்லை என்றே நினைத்துக்கொள்கிறேன். படித்துவிட்டும் சிரித்தார் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு புத்தகத்துக்கு வயதை யார் ஒட்டுகிறார்கள்? பதிப்பகத்தின் விற்பனைப் பிரிவு. மார்கஸ் ஸூசாக்கின் ‘தி புக் தீஃப்’ 2005இல் ஆஸ்திரேலியாவில் பெரியவர்களுக்கான நாவலாகத்தான் வந்தது. கடல் தாண்டி அமெரிக்காவுக்குப் போனதும் அது இளையோர் நாவலாகிவிட்டது. நாஜி ஜெர்மனியில் நடக்கும் கதையை மரணமே சொல்லிக்கொண்டு போகும் நாவல். சிட்னியில் வாங்கியிருந்தால் நான் வளர்ந்தவள், நியூயார்க்கில் வாங்கியிருந்தால் வளராதவளா? நான் பழைய புத்தகக் கடையில் எடைக்கு வாங்கினேன். என் கணக்கு என்னவென்று தலைவர்தான் சொல்ல வேண்டும்.

தனி ஒருத்தியின் விபரீத ருசி என்றும் நினைத்துவிட வேண்டாம். 2012இல் அமெரிக்காவில் புத்தகச் சந்தையை ஆராயும் பௌக்கர் நிறுவனம் எடுத்த கணக்கில், பன்னிரண்டு முதல் பதினேழு வயதுக்காரர்களுக்கு என்று வெளியாகும் புத்தகங்களை வாங்கியவர்களில் 55 விழுக்காட்டினர் பதினெட்டைக் கடந்தவர்கள். ‘அப்படியானால் அவை பிள்ளைகளுக்கான புத்தகங்களே இல்லையே’ என்று ஒருவர் மடக்கலாம். மடக்கட்டும். அதற்கு இன்னொரு நாள் பதில் சொல்கிறேன்.

‘மொழி எளிமையாக இருக்கிறது’ என்பது அடுத்த குற்றச்சாட்டு. எளிமையாக எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று முந்நூறு பக்கத்துக்கு ஒரு முற்றுப்புள்ளி வைக்கிறவர்களிடம் நான் விளக்கப்போவதில்லை. எஸ்.ஈ. ஹின்டன் ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது பதினைந்து. 1967இல் அது வெளிவந்தபோது பதினெட்டு. பையன்களின் தெருச்சண்டையைப் பற்றி ஒரு பெண் எழுதினாள் என்றால் விமர்சகர்கள் மதிக்கமாட்டார்கள் என்று பதிப்பகம் பெயரைச் சுருக்கிப் போடச் சொன்னது. அட்டையைப் பார்த்து மதிப்பிடும் அந்த விமர்சகர்களின் வம்சம் அற்றுப்போகவில்லை என்பது சனிக்கிழமை தெரிந்தது.

‘குப்பையும் நிறைய வருகிறதே?’ வருகிறது. மறுக்கவில்லை. ‘தி ஹங்கர் கேம்ஸ்’ 2008இல் வந்து வெற்றி பெற்றதும், எதிர்காலக் கொடுங்கோல் அரசு ஒன்று, அதைக் கவிழ்க்கப் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, அவளுக்காக ஏங்க இரண்டு பையன்கள் என்று அச்சு வார்த்தது போல் வந்துகொண்டே இருந்தன. பாதியில் மூடி வைத்தவை என் அலமாரியில் உண்டு. நம் புத்தகக் கண்காட்சியில் பெரியவர்களுக்கென்று குவித்து வைத்திருக்கிறார்களே, அதெல்லாம் பொன்னும் மணியுமா? அங்கே மட்டும் நல்லதை வைத்து மதிப்பிடுவோம், இங்கே கெட்டதை வைத்து மதிப்பிடுவோம். நல்ல நியாயம்.

‘இவர் ருஷ்யர்களைப் படித்திருப்பாரா, சங்க இலக்கியம் தெரியுமா’ என்று காணொளிக்குக் கீழே ஓர் அண்ணன் கேட்டிருக்கிறார். படித்திருக்கிறேன் அண்ணா. பட்டியல் தரமாட்டேன்.

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். என் அக்காள் மகள் பத்தாம் வகுப்பு படித்தபோது விடுமுறைக்கு வந்தவள் என் அலமாரியிலிருந்து லாரி ஹால்ஸ் ஆண்டர்சனின் ‘ஸ்பீக்’ நாவலை எடுத்தாள். கோடை விருந்தொன்றில் வல்லுறவுக்கு ஆளான ஒரு பெண், அதை யாரிடமும் சொல்ல முடியாமல் பள்ளி ஆண்டு முழுவதும் பேச்சே குறைந்துபோகும் கதை. 1999இல் வந்தது. அக்காளுக்குத் தெரிந்திருந்தால் பிடுங்கியிருப்பாள். படித்து முடித்துவிட்டு, நான் சமையலறையில் நின்றிருந்தபோது கேட்டாள்: ‘சித்தி, என் வயசுல உங்ககிட்ட யாராச்சும் இப்படி நடந்துருந்தா யார்கிட்ட சொல்லிருப்பீங்க?’ நான் அடுப்பைக் குறைத்துவிட்டு யோசித்தேன். யோசித்து யோசித்துப் பார்த்தும் ஒரு பெயர் வரவில்லை. அவளுக்கு அது புரிந்துவிட்டது. பிறகு அன்று இரவு வெகுநேரம் பேசினோம். என்ன பேசினோம் என்பது உங்களுக்கு வேண்டாம்.

பொழுதுபோக்குப் பொம்மைகள் என்றால் இவற்றைக் கண்டு ஏன் நடுங்குகிறார்கள்? அமெரிக்க நூலக சங்கம் வெளியிட்ட 2020ஆம் ஆண்டுக்கான பட்டியலில், அதிக எதிர்ப்புக்கு உள்ளான பத்துப் புத்தகங்களில் ‘ஸ்பீக்’ இருந்தது. கறுப்பின இளைஞனைப் போலீஸ்காரர் சுடுவதை அருகிலிருந்து பார்த்த பெண்ணின் கதையான ஆஞ்சி தாமஸின் ‘தி ஹேட் யு கிவ்’ நாவலும் இருந்தது. பொம்மையை அலமாரியிலிருந்து அகற்றக் கோரி யாரும் மனுக் கொடுப்பதில்லை.

நான் அம்புலிமாமாவின் முருங்கை மரத்திலிருந்து இறங்கி நேரே அத்தை வாங்கும் வார இதழின் தொடர்கதைக்குள் போய் விழுந்தவள். நடுவில் படியே இல்லை. அந்தத் தொடர்கதைகளில் பதினைந்து வயதுப் பெண் என்றால் யாரோ ஒருவருடைய தங்கை. காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவள் உள்ளே போய் என்ன நினைத்தாள் என்று எழுத ஓர் ஆள் இல்லை. சென்னையில் பிறந்த பத்மா வெங்கட்ராமன், விபத்தில் கால் இழந்த பரதநாட்டியப் பெண்ணைப் பற்றி ‘எ டைம் டு டான்ஸ்’ என்று 2014இல் ஒரு கவிதை நாவல் எழுதினார். நம் ஊர்ப் பெண், நம் ஊர் ஆட்டம். எழுதியது ஆங்கிலத்தில், வெளியானது அமெரிக்காவில். நம் பிள்ளைகளுக்கு நாம் வாங்கிக் கொடுப்பது நுழைவுத் தேர்வு வழிகாட்டி. அதையும் தாண்டி எதையாவது படித்தால் ‘வளருங்கள்’ என்று வாழ்த்துகிறோம்.

எனக்கு அந்த வயதில் கிடைக்காததை இப்போது படிக்கிறேன். அதில் யாருக்கு என்ன நஷ்டம்? என் பணம், என் கண், என் மூக்குக் கண்ணாடி.

‘அவர் விளையாட்டாகச் சொன்னதை இவ்வளவு பெரிதாக்க வேண்டுமா’ என்று சமாதானம் பேச வரப்போகிறவர்களுக்கு: ஆமாம், வேண்டும். விளையாட்டாகச் சொன்னவர் ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு சொன்னார். எனக்குப் பதில் சொல்ல அங்கே இடம் தரவில்லை. அடுத்த மாதம் என் பெயரை அழைப்பிதழில் போட்டிருப்பதாகத் தெரிகிறது. எடுத்துவிடுங்கள்.